சட்டென்று மாட்ட வேண்டும், தானாகக் கழலக் கூடாது: கேபிள் கனெக்டர் வடிவமைப்பு

#1 சந்திப்புப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. கூரையடி விளக்குகளுக்கும் பக்கத்தில் ஓடும் சின்ன மோட்டார்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வடிவமைக்கிறேன். ஐந்து ஒயர்: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். அளவு 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர். ஒற்றைக் கம்பியும் வரும், பல மெல்லிய இழைகள் சேர்ந்த மல்டிஸ்ட்ராண்டும் வரும். எது வரும் என்பது என் கையில் இல்லை.

மாட்டுகிறவர் ஏணியில் நிற்பார். ஒரு கை கேபிளைத் தாங்கியிருக்கும், கையுறை போட்டிருப்பார், வெளிச்சம் போதாது. இப்போது உள்ளே இருப்பது ஸ்க்ரூ டெர்மினல் பட்டை. உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்குப் பத்து ஸ்க்ரூ முறுக்க வேண்டும். அப்படி முறுக்கியும், கொஞ்ச காலம் ஓடியதும் லூஸ் கான்டாக்ட் என்று புகார் வருகிறது. மோட்டார் அதிர்வு பெட்டி வரை வரும்.

யோசித்து வைத்திருப்பவை மூன்று: ஒயரை நேராகக் குத்தினால் பிடித்துக்கொள்ளும் புஷ்-இன், நெம்பு தூக்கி மாட்டும் லீவர் வகை, அல்லது ஒயரையே தொழிற்சாலையில் கிரிம்ப் செய்து (உலோக முனையை நசுக்கிப் பொருத்தி) பிளக்காக அனுப்பிவிடுவது. பிளக்கின் படத்தையும் இணைத்திருக்கிறேன். "வேகமாக மாட்டினால் உறுதி குறையும்" என்பது எங்கள் மேலாளரின் கட்சி. அவருக்கு என்ன பதில் சொல்வது?


#2 அரைத்திருகு

மேலாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து ஸ்க்ரூவையும் முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் டிரைவரால் முறுக்குகிறார்களா? எம்3 ஸ்க்ரூ என்றால் அரை நியூட்டன்-மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு யாரும் அதை அளப்பதில்லை. ஒருவர் இழைகளை நசுக்கி அறுத்துவிடுவார், இன்னொருவர் பாதியில் விட்டுவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

சரியாக முறுக்கினாலும் கதை முடியாது. மல்டிஸ்ட்ராண்டு செம்பு அழுத்தத்தில் மெதுவாக நகர்ந்து படியும். படிந்த அளவுக்கு ஸ்க்ரூவின் பிடி குறையும். ஸ்க்ரூ தானாக இறங்கி வந்து அந்த இடைவெளியை அடைக்காது. லோடு ஏறி இறங்கும்போது சூடாகி ஆறுவதும் அதிர்வும் சேர்ந்தால் நீங்கள் சொல்கிற புகார் வரத்தான் செய்யும்.

இழைகள் பிரியாமல் இருக்க நுனியில் ஈயம் பற்றவைத்து மாட்டுகிறார்களா என்றும் பாருங்கள். அது இன்னும் மோசம். சால்டர் செம்பை விட மென்மையானது, அழுத்தினால் ஒதுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கமாக இருப்பது சில மாதத்தில் ஆடும்.


#3 தொடுபுள்ளி

அரைத்திருகு சொன்னதற்குப் பின்னால் உள்ள இயற்பியலைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இரண்டு உலோகம் தொடும்போது முழுப் பரப்பும் தொடுவதில்லை. எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேடு பள்ளம் உண்டு. மேடுகள் முட்டும் சில புள்ளிகளில்தான் மின்சாரம் கடக்கும். ராக்னர் ஹோம் இதை விரிவாக ஆராய்ந்து வகுத்தவர். அவர் கணக்குப்படி ஒரு புள்ளியின் ஒடுக்குத் தடை, உலோகத்தின் தடைத்திறனை அந்தப் புள்ளியின் விட்டத்தால் வகுத்தது. அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கிப் புள்ளிகள் பெருகும், தடை குறையும். ஆனால் நேர்விகிதத்தில் இல்லை: விசையை நான்கு மடங்கு ஆக்கினால் தடை பாதியாகும், அவ்வளவே. ஆகவே மேலும் மேலும் இறுக்குவதில் பெரிய லாபம் இல்லை. இருக்கும் விசை பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எண்ணில் பார்ப்போம். 16 ஆம்பியரில் ஒரு மில்லி ஓம் என்றால் கால் வாட் வெப்பம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுவே 10 மில்லி ஓம் ஆனால் 2.5 வாட்டுக்கு மேல். 50 மில்லி ஓம் என்றால் 12.8 வாட், அதுவும் ஒரு கடுகளவு இடத்தில். அங்கே பிளாஸ்டிக் பழுக்கும், ஸ்ப்ரிங் தளரும், தடை இன்னும் ஏறும். பிறகு அது தானாகவே தன்னை எரித்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து "பீப்" சத்தம் கேட்டுவிட்டால் இணைப்பு நல்லது என்று நினைப்பவர்களுக்கு: 50 மில்லி ஓமுக்கும் அது பீப் அடிக்கும்.

விசை குறையாமல் இருக்க வழி, ஒயர் படிந்தாலும் பின்னாலேயே போய் அழுத்தும் ஸ்ப்ரிங். இங்கேதான் நல்ல டெர்மினலும் மலிவு டெர்மினலும் பிரிகின்றன. மலிவானதில் ஒரே பித்தளைத் தகடு ஸ்ப்ரிங்காகவும் இருக்கும், மின்சாரத்தையும் கடத்தும். பித்தளை சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். பாஸ்பர் பிரான்ஸ் பரவாயில்லை, பெரிலியம் காப்பர் இன்னும் மேல், விலையும் மேல். நல்லதில் வேலையைப் பிரித்திருப்பார்கள்: கடத்துவதற்கு வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை, அழுத்துவதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்ப்ரிங். எஃகு மோசமான கடத்தி, ஆனால் அதன் வேலை கடத்துவது இல்லையே. 1977-ல் வேகோ நிறுவனம் கொண்டுவந்த கேஜ் கிளாம்ப் என்ற ஸ்ப்ரிங் டெர்மினலில் இந்தப் பிரிவினையைப் பார்க்கலாம்.

ஆக, மேலாளருக்குப் பதில்: சரியான ஸ்ப்ரிங் டெர்மினலில் பிடிப்பு விசையைத் தீர்மானிப்பது வடிவமைப்பு. ஸ்க்ரூவில் அதைத் தீர்மானிப்பது மாட்டுகிறவரின் மணிக்கட்டு.


#4 மெயின்டனன்ஸ்காரன்

தொடுபுள்ளி சார், ஏட்டில் எல்லாம் சரி. எரிந்ததைக் கழற்றுகிறவன் நான். குத்தி மாட்டிய ஒயர் கருகிப்போய் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பிளக் சாக்கெட்டின் பின்னால் ஓட்டையில் குத்தும் முறைக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே எலக்ட்ரீஷியன்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை, பக்கத்து ஸ்க்ரூவில்தான் சுற்றுவார்கள். ஸ்ப்ரிங் அவ்வளவு உசத்தி என்றால் அது ஏன் எரிகிறது?


#5 தொடுபுள்ளி

நியாயமான கேள்வி. அந்தச் சாக்கெட்டில் தகட்டின் விளிம்பு ஒயரை ஒரு சின்ன இடத்தில் மட்டும் கடிக்கும். மாட்டிய பிறகு விறைப்பான ஒற்றைக் கம்பியை மடித்துப் பெட்டிக்குள் திணிப்பார்கள், கம்பி அந்த ஓட்டையிலேயே முறுக்கிக்கொள்ளும். அதற்கு மேல், அடுத்தடுத்த சாக்கெட்டுகளின் லோடும் அதே கடி வழியாகத்தான் போகும். 14 கேஜ் ஒற்றைச் செம்புக் கம்பிக்கு மட்டும் என்று அதைக் கட்டுப்படுத்தியதும் அதனால்தான்.

நீங்கள் பார்த்தது ஸ்ப்ரிங்கின் தோல்வி இல்லை, ஸ்ப்ரிங்குக்குத் தேவையான அளவு கொடுக்காத வடிவமைப்பின் தோல்வி. பிடிக்கும் இடமும் ஒயர் ஆடும் இடமும் ஒன்றாக இருந்தால் எந்த டெர்மினலும் தாங்காது.


#6 மெயின்டனன்ஸ்காரன்

ஒயர் ஆடக் கூடாது என்கிறீர்களே, அதை முழுதாக ஏற்கிறேன். ஸ்ட்ரெயின் ரிலீஃப் (கேபிளின் இழுப்பைத் தாங்கும் பிடி) இல்லாத பெட்டியை நான் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிடும்.


#7 ஃபெர்ரூல்ராணி

அசல் கேள்விக்கு வருகிறேன். சந்திப்புப்பெட்டி, உங்கள் பிரச்சினையின் முடிச்சு "எந்த ஒயர் வரும் என்று தெரியாது" என்ற வரியில்தான் இருக்கிறது.

புஷ்-இன் ஒற்றைக் கம்பிக்கு அருமை. 10 மில்லிமீட்டர் சீவி, நேராகத் தள்ளினால் முடிந்தது. மல்டிஸ்ட்ராண்டு அப்படிப் போகாது. இழைகள் ஸ்ப்ரிங்கில் முட்டிக் குடை போல விரியும், நாலு இழை உள்ளே போகும், மீதி வெளியே மடங்கி நிற்கும். மாட்டியவருக்குப் போய்விட்டதாகத் தோன்றும். ஃபெர்ரூல் (இழைகளின் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்தினால் ஒற்றைக் கம்பி மாதிரியே குத்தலாம். ஆனால் அதற்குக் கிரிம்ப் கருவி வேண்டும், சரியான நீளத்து ஃபெர்ரூல் வேண்டும். ஏணியில் நிற்பவர் சட்டைப்பையில் இரண்டும் இருக்கும் என்று நம்பி வடிவமைக்காதீர்கள். 2.5-க்கான ஃபெர்ரூல் தீர்ந்துவிட்டால் 1.5-ல் இழைகளை வெட்டித் திணிப்பவர்கள் உண்டு.

லீவர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. நெம்பைத் தூக்கினால் வாய் திறந்திருக்கும், இழை எதிலும் முட்டாது, மூடினால் பிடிக்கும். வேகோ 221 வகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: 0.14 முதல் 4 சதுர மில்லிமீட்டர் வரை, ஒற்றை, மல்டி இரண்டும், கருவி இல்லாமல். 11 மில்லிமீட்டர் சீவ வேண்டும். உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், அதனால் செம்பு கடைசி வரை போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு அதில் மிகப் பிடித்தது நெம்பு கூட இல்லை, அந்த ஒளி ஊடுருவும் உடல்தான்.

சீவும் நீளத்தை அளக்கும் காடியைப் பெட்டியின் மேலேயே வார்த்துவிடுங்கள். தனித் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் அது அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போகும்.


#8 சந்திப்புப்பெட்டி

ஃபெர்ரூல்ராணி, இது உடனே உதவும். காடி யோசனை எங்கள் அச்சுக்காரரிடம் இன்றே போகிறது. ஆனால் லீவர் தவறிப் பாதி மூடி நின்றால்? கையுறையோடு அழுத்தும்போது முழுதாக இறங்கியதா என்று விரலுக்குத் தெரியுமா?


#9 ஹார்னஸ்ஆள்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாகன ஒயரிங்கில் இருக்கிறேன், எங்கள் பக்கம் மொத்தச் சண்டையும் இந்தப் "பாதி" மீதுதான். மாட்டாத கனெக்டரால் ஆபத்து குறைவு. வண்டி ஓடாது, சோதனையிலேயே பிடிபடும். பாதி மாட்டியது எல்லாச் சோதனையையும் பாஸ் செய்துவிட்டு வாடிக்கையாளரிடம் போய்க் கழலும்.

நாங்கள் செய்வது என்னவென்றால், முதலில் பின் தன் கூட்டுக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்பதைத் தனியாக ஒரு பூட்டு பார்க்கும். ஒரு பின் பின்வாங்கி நின்றாலும் அந்தப் பூட்டு உள்ளே போகாது. அடுத்து, ஆண் பெண் கனெக்டர்கள் சேர்ந்த பிறகு இரண்டாவதாக ஒரு சின்னத் துண்டு, வழக்கமாகச் சிவப்பு அல்லது மஞ்சள். மெயின் லாட்ச் (பூட்டும் கொக்கி) முழுதாக விழுந்தால்தான் அது நகரும், விழாவிட்டால் கல் மாதிரி நிற்கும். சரிபார்ப்பவர் தூரத்திலிருந்தே சிவப்புத் துண்டின் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

"க்ளிக்" சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். இரைச்சலில் கேட்காது. பக்கத்துக் கனெக்டரின் க்ளிக்கைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வதும் நடக்கும். கண், விரல், காது மூன்றில் குறைந்தது இரண்டு சாட்சி சொல்ல வேண்டும்.

மாட்டும் விசையையும் பாருங்கள். வாகனக் கனெக்டர்களுக்கான அமெரிக்கத் தரநிலை யூஎஸ்கார்-2 விதிப்படி நெம்பு உதவி இல்லாமல் கையால் மாட்டுவதற்கு 75 நியூட்டன்தான் உச்சம். பின் கூடினால், ரப்பர் சீல் சேர்ந்தால் விசை ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் போனால் நெம்போ சறுக்குத் துண்டோ வைத்துத்தான் ஆக வேண்டும். பலம் போதாமல் நிறுத்துகிறவர் தான் பாதியில் நிறுத்தியது தெரியாமலே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.


#10 கார்டுபித்தன்

பாதி மாட்டுவது என்றதும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டு கனெக்டர் ஞாபகம் வந்தது. 2022-ல் 12விஎச்பிடபிள்யூஆர் (12VHPWR) என்ற புதுக் கனெக்டர் வந்து உருகிய கதை.

600 வாட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் 50 ஆம்பியர். ஆறு பின் பகிர்ந்தால் ஒன்றுக்கு 8.3. பின்னின் மதிப்பீடே 9 ஆம்பியர் சொச்சம்தான். பழைய எட்டுப் பின் கனெக்டரில் 150 வாட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு நாலு ஆம்பியர் சொச்சம். அதில் சோம்பேறித்தனமாக மாட்டினாலும் தப்பித்தோம். புதியதில் பின் இடைவெளியும் 4.2-லிருந்து 3 மில்லிமீட்டராகக் குறைந்தது, மென்மையான லாட்ச், பாதியில் நின்றாலும் கார்டு ஓடும். பிறகு வந்த 12வி-2x6 திருத்தத்தில் சென்ஸ் பின்களை (எவ்வளவு சக்தி எடுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்பவை) குட்டையாக்கி, பவர் பின்களைச் சற்று நீட்டினார்கள். முழுதாக உள்ளே போகாவிட்டால் சென்ஸ் பின் தொடாது, கார்டு சக்தி கேட்காது.


#11 தொடுபுள்ளி

அந்தத் திருத்தம் இந்த விவாதத்துக்கு நல்ல உதாரணம். மாட்டியவரைத் திட்டுவதை விட்டுவிட்டு, பாதி மாட்டிய நிலையில் மின்சாரமே ஓடாதபடி செய்தார்கள்.

ஆனால் அதோடு தீரவில்லை. பல கார்டுகளில் ஆறு பின்னும் போர்டுக்குள் போனதும் ஒரே செம்புத் தகட்டில் சேர்ந்துவிடும். ஒரு பின்னின் தொடுதடை ஏறினால் மின்சாரம் மற்ற பின்களுக்குத் தாவும், அவை மதிப்பீட்டைத் தாண்டும், யாருக்கும் தெரியாது. சந்திப்புப்பெட்டி, ஒரு ஃபேஸுக்கு இரண்டு சின்னப் பின் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஒரு ஃபேஸுக்கு ஒரு நல்ல பின்.


#12 அரைத்திருகு

சோலார் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் கதையும் இதே ஜாதி. "எம்சி4-க்குப் பொருந்தும்" என்று வேறு நிறுவனத்துக் கனெக்டரை வாங்கி மாட்டுவார்கள். க்ளிக் கேட்கும், இழுத்தாலும் வராது. உள்ளே பின்னின் அளவும் பூச்சும் சீலும் வேறு. அதுவும் டிசி மின்சாரம், வில்லெரிச்சல் (ஆர்க்) வந்தால் தானாக அணையாது. அமெரிக்க மின்சட்டத் தொகுப்பின் 2020 பதிப்பு, ஒரே நிறுவனம் ஒரே வகையாக இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சேர்வதற்கென்றே சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பிளக் வழியில் போகிறீர்கள் என்றால் வாயின் வடிவத்தைத் தனித்துவமாக வையுங்கள், தப்பான ஜோடி நுழையவே கூடாது.


#13 ஈரப்பதம்

சீல் பற்றி யாரும் பேசவில்லையே. கூரையடி என்றால் ஒழுகல், நீராவி இருக்கும். நீர், தூசி காப்புத் தரம் ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் ஈரக்காற்றில் கிடப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பெட்டி சூடாகி ஆறும்போது கேபிளின் இழைகளுக்கு நடுவிலேயே காற்றை உறிஞ்சும், ஈரம் அந்த வழியாக வரும். கேபிள் கிளாண்டின் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் துண்டு) பிடி விட்டத்துக்குள் உங்கள் எல்லாக் கேபிளும் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.


#14 ஹார்னஸ்ஆள்

பிளாஸ்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. லாட்சுக்கு நைலான் 66 போடுவீர்கள், எல்லாரும் போடுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்த பிறகுதான் வளைந்து கொடுக்கும். அச்சிலிருந்து வந்த சூட்டோடு காயவைத்துப் பையில் அடைத்தால் குளிரில் லாட்ச் பட்டென்று முறியும். மின்சாரம் ஓடும் பாகத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் என்பதால் 850 டிகிரி தணல் கம்பிச் சோதனையும் கேட்பார்கள். தீத்தடுப்புக் கலவை சேர்த்தால் லாட்ச் இன்னும் விறைக்கும். லாட்சின் அடியில் வளைவு ஆரம் தாராளமாக வையுங்கள், கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும்.


#15 மெயின்டனன்ஸ்காரன்

கழற்றுவதையும் யோசியுங்கள் ஐயா. மாட்டுகிறவருக்கு ஒரு நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டு எங்களை அரை மணி நேரம் தவிக்க விடாதீர்கள். டெஸ்டர் முனை நுழைய ஒரு துளை வேண்டும், ஒயரைப் பிடுங்காமலே வோல்ட் பார்க்க. லோடு ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் உடலிலேயே எழுதுங்கள். நியூட்ரிக் நிறுவனத்தின் மின்பிளக்குகளில் பழைய பவர்கான் லோடில் கழற்றக் கூடாதது, பின்னால் வந்த ட்ரூ1 கழற்றலாம். பார்க்க இரண்டும் ஒரே குடும்பம், சொல்லிக்கொடுக்காமல் யாருக்கும் தெரியாது.


#16 சந்திப்புப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய வடிவம் இப்படி வந்திருக்கிறது. கட்டடத்து ஒயர் வரும் பக்கம் லீவர், ஒளி ஊடுருவும் மூடியோடு. லீவர் ஏதாவது ஒன்று பாதியில் நின்றால் பெட்டியின் மூடி சாத்தாது, உள்பக்கம் ஒரு விலா எலும்பு மாதிரி வரம்பு வந்து முட்டும். விளக்குக்கும் மோட்டாருக்கும் போகும் பக்கம் தொழிற்சாலையில் கிரிம்ப் செய்த பிளக், இரண்டாவது பூட்டு மஞ்சள் நிறத்தில். கேபிளை இறுக்கும் கிளாம்ப் டெர்மினலுக்கு முன்னால் தனியாக. எந்தச் சோதனைகளை எங்களிடமே முதலில் செய்து பார்க்கலாம்? ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு தோற்க விருப்பமில்லை.


#17 தொடுபுள்ளி

மூடி சாத்தாது என்பது மிக நல்ல முடிவு. மேலாளருக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.

டெர்மினல்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஈசி 60999-1-ல் உள்ள இரண்டு சோதனைகளை மேஜையிலேயே செய்யலாம். ஒன்று இழுவை: 1.5-க்கு 40 நியூட்டன், 2.5-க்கு 50 நியூட்டன், திடுக்கென்று இழுக்காமல் ஒரு நிமிடம். இன்னொன்று சுழற்சி: ஒயரின் நுனியில் எடை கட்டி, 2.5-க்கு 0.7 கிலோ, நிமிடத்துக்கு 10 சுற்று வீதம் 135 சுற்று. இழை அறுந்தாலோ ஒயர் வெளியே வந்தாலோ தோல்வி. இழுவையில் தேறி இதில் தோற்பவை நிறைய.

ஸ்க்ரூ இல்லாத டெர்மினலுக்கு வெப்பச் சுழற்சியும் உண்டு: அரை மணி மின்சாரம், அரை மணி ஓய்வு, 192 தடவை. முடிவில் மின்னழுத்த வீழ்ச்சி 22.5 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெள்ளீயம் இளகத் தொடங்குவது 70 மில்லிவோல்ட் வாக்கில், ஆகவே அந்த வரம்பு காரணமில்லாமல் வைத்ததில்லை. கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல், 24-ஆவது சுற்றிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா என்று வரைந்து பாருங்கள். ஏறுமுகமாக இருந்தால் வரம்புக்குள் இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன்.


#18 ஃபெர்ரூல்ராணி

சோதனைப் பட்டியலில் இல்லாத ஒன்று: இந்தப் பெட்டியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கையுறையும் கேபிளும் கொடுத்து, விளக்கத் தாள் கொடுக்காமல், மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாயைத் திறக்காதீர்கள். எங்கே கை தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.


#19 ஹார்னஸ்ஆள்

முன்பு போட்ட பிளக் படத்தில் ஐந்து பின்னும் ஒரே நீளமாகத் தெரிகிறதே? எர்த் முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியில் விட வேண்டும்.


#20 சந்திப்புப்பெட்டி

அது முதல் வரைவு, அதில் எல்லாம் ஒரே நீளம்தான். இப்போதைய அச்சில் எர்த் நீண்டிருக்கிறது, சாக்கெட் பக்கமும் அதற்கேற்ப முன்னால் வந்திருக்கிறது. சுழற்சிச் சோதனைக்கு மோட்டாரும் எடையும் கட்டியாகிவிட்டது. வெப்பச் சுழற்சி 192 சுற்று என்றால் எட்டு நாள், முடிந்ததும் மின்னழுத்த வீழ்ச்சியின் வரைபடத்தை இங்கே போடுகிறேன்.